அடுப்படி பார்க்கப் போனவள்

பங்கல்பினாங்,
6 பிப்ரவரி 1994

அன்புத் தங்கை ஹெர்லினாவுக்கு,

கப்பலில் உனக்கு வாந்தி வந்ததா இல்லையா என்றுகூட இன்னும் எழுதவில்லை நீ. சுரபாயா வெயில் ஒத்துக்கொள்கிறதா? இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம்.

பெரியப்பா மகன் சுகியான்தோவின் இடுப்பெலும்பு சேரும்வரை அவன் லேஸ், பொத்தான் கடையைக் கவனிக்கத்தான் நீ போயிருக்கிறாய் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்யும் இல்லை. ஆனால் நான் உன்னை எதற்கு அனுப்பினேன் என்பது நம் இருவரோடு இருக்கட்டும். என் பெண் ஃபென்னிக்குக்கூடச் சொல்லவில்லை.

விகாரையில் ஃபென்னிக்குச் சம்பந்தம் பேசுகிற அம்மாள் நேற்றும் வந்தாள். சுரபாயா 'தெலாகா பெனிங்' சாப்பாட்டுக் கடைக்காரர்களும் நம்மைப் போலவே, அதுவும் மூன்று தலைமுறையாக, உயிருள்ள எதையும் தொடாதவர்களாம். முட்டை இல்லை, பால் இல்லை, பூண்டு வெங்காயம் இல்லை. பையன் ஹாந்தோயோ தங்கமாம். ஒருத்தி இவ்வளவு புகழ்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. பெரிய ஊரில் கடை நடத்துகிறவர்கள் ருசிக்காக எதையும் சேர்க்காமலா இருப்பார்கள்? நகக்கண் அளவு இறால் விழுது போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இறால் விழுதுக்குப் பேர்போன இந்தப் பங்காத் தீவில் பிறந்த நமக்குத் தெரியும். உன் மூக்கை நம்புகிறேன்.

யாரென்று சொல்லிக்கொள்ளாதே. வாடிக்கைக்காரி மாதிரி போ. முடிந்தால் அடுப்படிவரை போய்ப் பார். பாலெம்பாங்கில் உன்னைக் கட்டிக்கொடுத்தபோது நான் ஏதோ சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஃபென்னிக்கு அப்படி ஆகக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
மெலியானா

சுரபாயா,
23 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி எனக்கு வரவில்லை. எதிரே படுத்திருந்தவளுக்கு வந்தது, அதைப் பார்த்தே நான் பாதியானேன். உன் முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் தடவுகிறாயா? சுகியான்தோ படுத்தபடியே கடையை ஆட்டி வைக்கிறான். நலமாகத்தான் இருக்கிறான்.

சாப்பாடுதான் பெரும் பாடு. சுகியான்தோ வீட்டில் காலையிலேயே மாட்டுக்கறிக் குழம்பு. வெளியே போனால் எங்கும் பெத்திஸ். இறால் தலையைக் காய்ச்சிக் காய்ச்சித் தார் மாதிரி ஆக்கிய விழுது அது. இந்த ஊரில் அது படாத பண்டம் பழம் ஒன்றுதான் என்று நினைத்தேன். பழத்தையும் அதில்தான் தொட்டுத் தின்கிறார்கள்.

கெம்பாங் ஜெப்புன் தெருமுனையில் தோஃபு பொரிக்கும் வண்டிக்காரனிடம் போனேன்.

"பெத்திஸ் போடாம குடுங்க."

"சரி. முட்டை ரெண்டா போடவா?"

"முட்டையும் வேண்டாம்."

"பூண்டு?"

"அதுவும் வேண்டாம்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, உடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். இங்க திங்கிறவங்கதான் வருவாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கீரை விற்கும் கூடைக்காரி ஒருத்தி என்மேல் இரக்கப்பட்டு, வெந்த கீரைமேல் வள்ளிக்கிழங்குச் சாறு ஊற்றி இலையில் கொடுத்தாள். "இதுல ஒண்ணும் இல்லல்ல?" என்றேன். "ஒண்ணுமே இல்ல தாயி. பெத்திஸ்தான் ரவையூண்டு." அன்றைக்கும் வாழைப்பழம்தான்.

நேற்று தெலாகா பெனிங்குக்குப் போனேன். சந்துக்குள் சின்னக் கடை. சுத்தமாக இருக்கிறது. பொரித்த தோஃபு கேட்டேன். மேலே கறுப்பாக ஒரு சாறு. அக்கா, வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இறால் வாசனை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கல்லாவில் இருந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

அன்புடன்,
ஹெர்லினா

பங்கல்பினாங்,
8 மார்ச் 1994

ஹெர்லினா,

இஞ்சி எண்ணெய் தடவுகிறேன், குணமில்லை. நீ வாழைப்பழத்தையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

காசு வாங்கவில்லையா? ஏன் என்றும் கேட்கவில்லையா? மடியில் கனம் இருக்கிறவள் அப்படித்தான் செய்வாள். நான் நினைத்தது சரியாகப் போயிற்று. விகாரையில் ஒரே ஒருத்தியிடம்தான், அதுவும் பட்டும் படாமல், சொல்லி வைத்தேன். நாளைக்கு நான் மறுக்கும்போது என்னைக் குறை சொல்லக் கூடாது பார்.

ஆனாலும் வாசனையை மட்டும் வைத்துப் பேச முடியாது. சம்பந்தக்கார அம்மாள் சாட்சி கேட்பாள். அடுப்படிக்குள் எப்படியாவது போ.

இன்னொன்று. போன வாரம் ஊதுபத்தி விற்கிறேன் என்று ஒருவன் வந்தான். ஜாவாக்காரப் பேச்சு. பத்தியை விற்பதைவிட நம் வீட்டைப் பற்றிக் கேட்பதில்தான் அக்கறை. ஃபென்னி எந்தப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள், எத்தனை மணிக்கு வருவாள் என்றெல்லாம் கேட்டான். விரட்டிவிட்டேன். பத்தி மட்டும் நல்ல பத்தி.

சீக்கிரம் எழுது.
அக்கா

சுரபாயா,
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மழை விட்டுவிட்டது. சுகியான்தோ ஊன்றுகோலோடு கழிப்பறைவரை போகிறான்.

அடுப்படியைப் பார்த்துவிட்டேன். வழி தானாகவே வந்தது. கடை அம்மாள் ஸ்வான் நியோ, பூஜை மாடத்துத் திரைக்கு லேஸ் வேண்டும் என்று என் கடைக்கே வந்து நின்றாள். அளவெடுக்க வீட்டுக்கு வரச் சொன்னாள். மாடம் அடுப்படியைத் தாண்டி உள்ளே இருக்கிறது.

பெரிய வாணலியில் கறுப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அதே வாசனை. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து அவள் கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

"கிண்டுங்க. அடி பிடிச்சிடும்."

"இது என்னதுங்க?"

"பெத்திஸ்."

"இறால் வாசனை வருதே?"

"வரணும்னுதானே இந்தப் பாடு படறேன்? சுரபாயாக்காரன் பெத்திஸ் இல்லாம சாப்பிடுவானா? வெளிய போய் நிஜத்தைத் தின்னுட்டு வருவான்."

காளான் ஊறவைத்த தண்ணீர், சுட்டுப் பொடித்த கடற்பாசி, புளிக்கவைத்த கறுப்புச் சோயா, பனைவெல்லம். வேறெதுவும் இல்லை. என் கண்முன்னே இரண்டாவது வாணலிக்கும் கூட்டினாள். அந்த வாசனை கடற்பாசியைச் சுடும்போது வருவது. பிறகு பல நாள், சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரங்களில் போனேன். பின்வாசல் குப்பைக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. முட்டை ஓடு ஒன்றில்லை, பூண்டுத் தோல் இல்லை. அக்கா, அந்த அடுப்படி சுத்தம்.

விகாரையில் யாரிடமோ சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, அவளைக் கூப்பிட்டு உடனே மறுத்துச் சொல்லிவிடு.

ஹெர்லினா

பங்கல்பினாங்,
10 ஏப்ரல் 1994

அன்புள்ள சித்திக்கு,

நலமா? நான் நலம். நான் எழுதுவதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். உங்கள் கடிதங்களை அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறாள். வந்த எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

சித்தி, தயவுசெய்து அந்தக் கடையில் ஏதாவது குறை கண்டுபிடியுங்கள். இறால் வாசனை என்று முதலில் எழுதினீர்களே, அதையே சொல்லிவிடுங்கள். அம்மா உடனே நம்புவாள், அவளுக்கு நம்ப ஆசைதான். நான் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள்.

பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள்,
ஃபென்னி

சுரபாயா,
24 ஏப்ரல் 1994

அன்பு ஃபென்னிக்கு,

சித்தி சௌக்கியம். நீ சரியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா?

நீ கேட்டதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. அந்தக் கடைக்கு வந்து சாப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் விகாரைக்காரர்கள். இறால் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள். ஏற்கெனவே எதிர் மேசைக்காரர் ஒருவர் நேற்று சாற்றை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். நான் செய்த அதே வேலை.

பையனைப் பார்த்தேன். அதிகம் பேசமாட்டான், கேலி செய்தால் காது சிவக்கிறது. பெண் பார்க்கிறார்களாமே என்று சும்மா கேட்டு வைத்தேன். "போட்டோ காட்டினாங்க. அதுல அவங்க சிரிக்கவே இல்லியே அக்கா, அவங்களுக்குச் சம்மதம்தானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அவனிடம் ஒரு குறையும் இல்லை. உனக்கு ஏன் வேண்டாம்? யாராவது மனதில் இருக்கிறார்களா? எதுவானாலும் என்னிடம் சொல்.

சித்தி

பங்கல்பினாங்,
5 மே 1994

ஹெர்லினா,

முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் நலத்தைச் சுகியான்தோ மூலம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவன் இப்போது கடைக்கே நடந்து வருகிறானாம். நீ எழுதவில்லையே? அவன் நடக்கிறான் என்றால் உனக்கு அங்கே என்ன வேலை? தினமும் சாயங்காலம் அந்தச் சாப்பாட்டுக் கடையில்தான் இருக்கிறாயாம். சாப்பிட்ட பிறகும் வருவதில்லையாம்.

முதலில் இறால் என்றாய், பிறகு கடற்பாசி என்றாய். ஒரு கரண்டியைக் கையில் கொடுத்து உன்னை மடக்கிவிட்டார்களா? உனக்குத் தனியாக ஒரு வாணலியில் காட்டிவிட்டு ஊருக்கு வேறு வாணலியில் காய்ச்சினால்? ஸ்வான் நியோ ஏன் ஊரில் இருக்கிற லேஸ் கடையெல்லாம் விட்டு உன் கடைக்கு வந்தாள்? இதையெல்லாம் நீ யோசிக்கவே இல்லையா? விகாரையில் சொன்னதை இப்போது மாற்றிச் சொல்ல முடியாது. இன்னும் முடிவாகத் தெரியவில்லையே.

இங்கே ஃபென்னியும் சரியில்லை. வியாழக்கிழமை தோறும் தாமதமாக வருகிறாள். வந்ததும் வாயைக் கொப்பளிக்கிறாள். கேட்டால் சாக்பீஸ் தூசி என்கிறாள். என்னைச் சுற்றி எல்லாரும் எதையோ மென்று விழுங்குகிறீர்கள்.

எப்போது வருகிறாய்?
மெலியானா

பங்கல்பினாங்,
12 மே 1994

சித்தி,

நலம். யாரும் மனதில் இல்லை. நான் மீன் சாப்பிடுகிறேன்.

இரண்டு வருஷமாக. என் வகுப்பில் முக்கால்வாசி மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா குழம்பு கொண்டுவந்தாள், டீச்சருக்கென்று தனியாக எடுத்து வைத்ததாம். மறுக்க முடியாமல்தான் முதலில் சாப்பிட்டேன். அடுத்த முறை அப்படி இல்லை சித்தி. பிடித்திருந்தது. இப்போது வியாழக்கிழமை பள்ளிக்கு எதிரே மீன் உருண்டை நூடுல்ஸ் கடைக்கு நானே போகிறேன். யாரும் கெடுக்கவில்லை.

அம்மா அங்கே ஒரு சொட்டு இறால் சாறு தேடுகிறாள். நான் அந்த வீட்டு அடுப்படிக்குப் போய் என்ன சொல்வேன்?

ஃபென்னி

சுரபாயா,
1 ஜூன் 1994

அன்பு ஃபென்னிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். கோபம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளிக்காதே, அம்மா கவனிக்கிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஊர் விகாரையில் பௌர்ணமிச் சமையல் எப்போதும் ஸ்வான் நியோவுக்குத்தான். இந்த முறை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்காவிலிருந்து யாரோ ஏதோ சொன்னார்களாம். மேசைகளும் பாதி காலி. நான் போனபோது அவள் தனியாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கத்தி எடுத்து வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.

என் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"என்ன முழிக்கிற? முதல் நாளே தெரியும். பங்காப் பேச்சு, தட்டை முகர்ந்து பாத்த முகம். பொண்ணு வீட்டு ஆள்கிட்ட காசு வாங்குவேனா?"

"அப்ப லேஸ் வாங்க வந்தது?"

"அடுப்படியைப் பாக்கத் தவிக்கிறவளுக்கு ஒரு சாக்கு வேணாமா?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டாள்.

"நீங்க எங்க பானையைப் பாக்க வந்தீங்க. நாங்க மட்டும் சும்மா இருப்போமா? ஊதுபத்தி விக்கிறவன் என் கொழுந்தன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில உக்காந்து பாத்துட்டுத்தான் வந்தான். மீன் உருண்டை கூட ரெண்டு கேட்டு வாங்கித் தின்னுச்சாம் பொண்ணு."

ஃபென்னி, நிலம் பிளக்காதா என்றிருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா. எதுக்கு எனக்கு இத்தனை நாள் சோறு போட்டீங்க?"

"நீ என்ன எழுதறேன்னு பாக்கத்தான். உன் வீட்டுப் பொண்ணு மேல குறை வராம இருக்க, என் வீட்டு மேல ஒண்ணைப் போட்டுட்டுப் போயிருக்கலாம். போடல போலிருக்கே."

"ஏற்கெனவே விழுந்துடுச்சே."

"அது உங்க அக்கா போட்டது." பீன்ஸைத் தண்ணீரில் கொட்டி அலசினாள். "மீன் திங்கிறது அந்தப் பொண்ணோட வயிறு, அவ பாடு. ஆனா தினம் வாயைக் கழுவிக்கிட்டு என் அடுப்படியில வந்து நிக்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து? எனக்கு வேணாம் இது. காரணத்தை நான் வெளிய சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். நீ கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதில்லை, உனக்காகப் பொய்யும் சொல்லப் போவதில்லை.

சித்தி

சுரபாயா,
3 ஜூன் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்குச் சுகியான்தோ சொன்ன எண்ணெயைப் பார்சலில் அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். ஸ்வான் நியோவுக்கு என்னை முதலிலிருந்தே தெரியும். ஊதுபத்திக்காரன் அவர்கள் அனுப்பிய ஆள். இந்தச் சம்பந்தம் அவர்களுக்கு வேண்டாமாம். ஃபென்னிக்கும் வேண்டாம். ஏன் என்று என்னைக் கேட்காதே, அவளைக் கேள். கேட்கும்போது மோப்பம் பிடிக்கிற முகத்தை வைத்துக்கொள்ளாதே.

நீ சொன்ன ஒரு சொல்லால் இங்கே பாதி மேசை காலியாகிவிட்டது. அதை நீதான் எடுக்க வேண்டும்.

பாலெம்பாங்கில் ஏதோ சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ ஒன்றையும் விடவில்லை அக்கா. சட்டி, பானை, உப்பு ஜாடி, எல்லாம் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தாய். அந்த வீட்டில் ஏழு வருஷமும் சாப்பாட்டில் ஒரு குறை இல்லை. மற்றதெல்லாம் பட்டேன். போகும்போதும் என்னை யாரும் கேட்கவில்லை, தனியாகத் திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை. குழம்பில் ஏதாவது கலந்தார்களா என்று மட்டும் நீ கேட்டாய். நானும் ஆமென்று தலையை ஆட்டி வைத்தேன்.

ஹெர்லினா

சுரபாயா,
15 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வந்து சேர்ந்ததா? ஒரு வரியாவது எழுது. ஃபென்னியும் எழுதவில்லை. தபால்காரன் தெருவில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், சுகியான்தோ சிரிக்கிறான். நான் எழுதியது அதிகப்படி என்றால் திட்டியாவது எழுது.

ஹெர்லினா

பங்கல்பினாங்,
21 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கை ஹெர்லினாவுக்கு,

எண்ணெய் வந்தது. கொஞ்சம் குணம் தெரிகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதலில் உன்மேல் ஆத்திரம். பிறகு ஃபென்னிமேல் சந்தேகம். அவளிடம் கேட்காமல், வியாழக்கிழமை மதியம் பின்னாலேயே போனேன். கேட்கச் சொன்னாய், நான் வேவு பார்க்கப் போனேன். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

பள்ளிக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று பார்த்தேன். ஹெர்லினா, என் பெண் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் எண்ணி எண்ணித் தின்பாள். நான் எதிரே போய் உட்கார்ந்ததும் கையில் குச்சி அப்படியே நின்றது.

"அம்மா..."

என்னென்னவோ கேட்கத்தான் வந்தேன். அவள் கிண்ணத்தைக் கையால் மறைப்பதைப் பார்த்ததும் அதை அவள் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

"ஆறிடும். தின்னு," என்றேன்.

கடைக்காரன் வந்து எனக்கு என்ன வேண்டும் என்றான். வெந்நீர் என்றேன். "வெந்நீர் விக்கவாம்மா கடை போட்டிருக்கேன்?" என்று முனகிக்கொண்டே கொடுத்தான். அவள் கிண்ணத்து ஆவி என் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு வருஷக் கதையையும் சொன்னாள். என் அடுப்பில் மீன் ஏறாது, அதில் மாற்றம் இல்லை. வாயைக் கொப்பளிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பௌர்ணமியன்று விகாரையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது எழுந்து நின்று சொன்னேன். தெலாகா பெனிங் அடுப்படி சுத்தம், இறால் என்று பரப்பியது நான், அது பொய் என்று. கால் வலித்தது, உட்காரச் சொன்னார்கள், முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சம்பந்தக்கார அம்மாள் இப்போது என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். அங்கே மேசைகள் நிரம்பினவா என்று எழுது. ஸ்வான் நியோ என்னைத் திட்டினால் அதையும் குறைக்காமல் எழுது.

நீ எப்போது வருகிறாய் என்று இந்த முறை கேட்கவில்லை. வர உனக்கு இஷ்டமா, அங்கேயே இருக்க இஷ்டமா? எதுவானாலும் எனக்குச் சரி.

பாலெம்பாங்கில் என்ன நடந்தது என்றும் எழுது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன்.

உன் அக்கா,
மெலியானா